சான்றிதழுக்குப் பிந்திய மூன்று ஆண்டுகள்

(ஈப்போவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்த கையோடு புந்தோங்கிலிருந்தும் சிலிபினிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டிலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களைப் பார்க்கிறேன், எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். உங்கள் நேரம் அருமையானது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தொழில்திறன் கல்வியைப் பற்றி, நம் நாளிதழ்கள் திவெட் என்று எழுதும் துறையைப் பற்றி, மேடையில் யார் பேசினாலும் ஒரு எண் தவறாமல் வரும். திவெட் முடித்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைக்கிறது என்பதுதான் அது. பெற்றோர் அதைக் கேட்டுத்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். அரசாங்கம் அதைக் காட்டித்தான் நிதி ஒதுக்குகிறது. அப்படியானால் அந்த எண் எப்படிச் செய்யப்படுகிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பட்டதாரிகளைப் பின்தொடரும் அரசாங்க ஆய்வில் நான்கு வகையினர் ஒன்றாகக் கூட்டப்படுகிறார்கள். வேலையில் இருப்பவர், மேற்படிப்புக்குப் போனவர், வேறொரு திறன் பயிற்சியில் சேர்ந்தவர், வேலைக்கு அழைப்பு வந்து காத்திருப்பவர். இந்த நால்வரும் சேர்ந்ததுதான் அந்த 90 சொச்சம். முழுநேரமோ பகுதிநேரமோ, படித்த தொழிலோ படிக்காத தொழிலோ, வேலை என்றால் வேலைதான். மெங்லெம்புவில் இரும்புப் பட்டறையில் சேர்ந்த பையனும் அந்தக் கணக்கில் இருக்கிறான். வெல்டிங் படித்துவிட்டு மோட்டார்சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறவனும் அதே கணக்கில் இருக்கிறான். இரண்டும் நேர்மையான உழைப்பு. ஆனால் வெல்டிங் வகுப்புக்குச் செலவழித்த பணம் பலன் தந்ததா என்று கேட்டால், இரண்டாமவன் அதற்குச் சான்றாக மாட்டான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கேள்விப் படிவம் பட்டமளிப்பை ஒட்டிய காலத்தில் நிரப்பப்படுகிறது. படித்து முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். நடுவில் நின்றுபோனவர் பட்டமளிப்புக்கு வருவதில்லை. அவர் படிவத்தில் இல்லை. விண்ணப்பமே போடாதவர் எந்தப் படிவத்திலும் இல்லை. ஆக, வாசலைத் தாண்டி உள்ளே போய், கடைசி வரை தாக்குப்பிடித்து, வெளியே வந்தவரிடம் மட்டும், வந்த சூட்டோடு சூடாகக் கேட்ட கேள்விக்கான விடை அது. எண்ணைத் திரித்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. விளக்கத்தோடுதான் வெளியிடுகிறார்கள். ஆனால் மேடைக்கு வரும்போது விளக்கம் உதிர்ந்துவிடுகிறது, எண் மட்டும் வருகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த வகுப்பை மூடுவது, எதை விரிப்பது, எங்கே விடுதி கட்டுவது என்று முடிவெடுக்க முடியாது.

எப்போது அளக்க வேண்டும் என்பதற்கும் சான்று உண்டு. டேவிட் கார்ட், யோகன் குளூவ, ஆந்திரேயா வெபர் என்ற மூன்று பொருளியலாளர்கள் உலகம் முழுவதும் வேலையில்லாதோருக்காக நடந்த திட்டங்களைப் பற்றிய 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட முக்கியமான செய்தி இது: திறன் பயிற்சியின் பலன் முதல் ஆண்டில் ஏறக்குறையக் கண்ணுக்கே தெரிவதில்லை, இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. நாமோ முதல் சில மாதங்களில் அளந்துவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறோம். நல்ல பயிற்சிக்கும் வீண் பயிற்சிக்கும் வேறுபாடு தெரியத் தொடங்கும் காலத்தில் நாம் பார்ப்பதே இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மூன்றாவது ஆண்டைப் பார்க்க வேண்டும். வராதவரையும் நின்றுபோனவரையும் எண்ண வேண்டும்.

இதைப் பேராக்கில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. அளப்பதும் எழுதி வைப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர் கன்று நட்ட 1877இலிருந்து எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளின் தோட்டக் கணக்கு இங்கே இருக்கிறது. உங்களில் மூத்தவர்கள் நினைத்துப் பாருங்கள். பால் வெட்டி முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். கிராணி பாலை நிறுப்பார். பிறகு மெட்ரோலாக் என்ற அந்தக் கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்க விட்டு, அதில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்ப்பார். மழைத் தண்ணீர் கலந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் நேராகத் தினந்தோறும் கணக்கு ஏறும். பெரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்பது செக்ரோலில் இருக்கும். லயத்தில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதும் கிராணிக்குத் தெரியும். அவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்த அதே தோட்டத்தில், அந்தப் பால் வெட்டிய அம்மாவின் மகன் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு எங்கே போனான் என்று எழுத ஒரு புத்தகம் இருந்ததில்லை.

சட்டம் தோட்டப் பிள்ளைகளைக் கொஞ்சம் எண்ணத்தான் செய்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். நம் தோட்டப் பள்ளிகள் பெருகியது அந்தப் பத்து என்ற எண்ணால்தான். பள்ளி இருக்கிறதா என்று சட்டம் கேட்டது. அந்தப் பள்ளியில் படித்தவர் என்ன ஆனார் என்று கேட்கவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து இன்றும் நம் கேள்வி பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது: இத்தனை இடம் ஒதுக்கினோம், இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை வெள்ளி செலவழித்தோம்.

நம் நாட்டில் நல்ல ஆய்வு நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. இரண்டைச் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு விதமாக முடிந்தவை.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போயிற்று, லயமும் போயிற்று. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறையில் உங்கு அப்துல் அசிஸ் தலைமையில், 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை தயாரித்தார்கள். பாடுபட்டுச் சேர்த்த சான்று அது. ஆனால் தோட்டங்களைத் துண்டாடுவதற்குக் கடிவாளம் போடும் விதி தேசிய நிலச் சட்டத்தில் 1970களில்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ தோட்டங்கள் கைமாறிவிட்டன. இடைப்பட்ட காலத்தில் உருப்படியாக நடந்தது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தாங்களே தோட்டம் வாங்கினார்கள். சான்று மேசையில் கிடந்தது. செயல்பட்டது தொழிலாளியின் சட்டைப்பை.

மற்றது 1973இன் இடைநிற்றல் ஆய்வு. முராட் முகமட் நோர் தலைமையில் கல்வி அமைச்சே நடத்தியது. பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்று மேற்கு மலேசியா முழுவதும் ஆராய்ந்தார்கள். பிள்ளைக்கு மூளை இல்லை, அக்கறை இல்லை என்று ஊர் பேசிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டு வறுமையும் இருக்கும் இடமும்தான் பெரிய காரணம் என்று அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. இரண்டே ஆண்டுகளில், 1975இல், பாடநூல் இரவல் திட்டம் வந்தது. இந்த அரங்கில் நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களில் பலர் அந்த இரவல் புத்தகத்தில் படித்தவர்கள். பிள்ளைகளைத் தேடிப் போய் எண்ணி, காரணம் கண்டு, காரணத்துக்கு மருந்து கொடுத்தார்கள். சான்றின்படி கொள்கை வகுப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், வெளிநாட்டுக்குப் போகாமல் இதையே காட்டுங்கள்.

அதன் பிறகு வந்தது பெரிய இடப்பெயர்வு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்கள் ஆயின. வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. பேராக்குக்கு அது இரட்டை அடி. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. தோட்டத்தை விட்டு வந்தவன் வேலை தேடி ஈப்போவுக்கு வந்த அதே ஆண்டுகளில், ஈப்போவே வேலையில்லாமல் நின்றது. அந்தக் காலத்தில் லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

இன்று பேராக்கில் பயிற்சி நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. 1969இல் யுனெஸ்கோ உதவியோடு தொடங்கிய நாட்டின் முதல் பொலிடெக்னிக், உங்கு ஓமார், ஈப்போவில்தான் இருக்கிறது. நம்மவர் ஐ.எல்.பி. என்று சொல்லும் தொழிற்பயிற்சிக் கழகம் ஈப்போவில் இருக்கிறது. தைப்பிங்கில் அட்தெக், ஸ்ரீ இஸ்கந்தாரில் இளைஞர் திறன் பயிற்சிக் கழகம், ஈப்போவிலும் சிலிம் ரிவரிலும் தொழிற்கல்லூரிகள், ஊருக்கு ஊர் கியாட்மாரா. வேலை வாய்ப்பும் இருக்கிறது: தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கார் தொழிற்சாலை, லூமுட்டில் கப்பல் கட்டும் தளம், ஈப்போவில் கார்செம், யூனிசெம் போன்ற குறைக்கடத்தித் தொழிற்சாலைகள். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் ஐந்து படிநிலைகளை வகுத்திருக்கிறது. முதல் மூன்று நிலை எஸ்.கே.எம். சான்றிதழ், நான்காவது திறன் டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். தேவையில்லை, எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிந்தால் போதும். பெற்றோர் இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தோற்றதால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காமல் போன பிள்ளைக்கும் வழி திறந்திருக்கிறது.

வழி திறந்திருந்தும் நம் பிள்ளைகள் ஏன் போதிய அளவில் போவதில்லை? நான் கேட்டவரை மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வருகிறது. இடம் கொடுப்பதில்லை என்பார் ஒருவர். நம் பெற்றோர் பட்டப்படிப்பைத் தவிர எதையும் மதிப்பதில்லை என்பார் இன்னொருவர். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்பார் மூன்றாமவர். மூன்றுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் எது எவ்வளவு என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. இடம்தான் காரணம் என்றால் ஒதுக்கீடு கேட்க வேண்டும். மனப்போக்குதான் காரணம் என்றால் பெற்றோரிடம் போக வேண்டும். பேருந்துதான் காரணம் என்றால்?

பேருந்து என்று ஏன் சொல்கிறேன் என்று பாருங்கள். பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில் கிராமப் பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்தார்கள். இலவசம், உதவித்தொகையும் உண்டு. சில கிராமங்களில் பயிற்சி அந்தக் கிராமத்துக்குள்ளேயே நடந்தது, மற்றவற்றில் வெளியே. ஊருக்குள்ளேயே நடந்தபோது சேர்ந்தவர்கள் பல மடங்கு அதிகம். தூரத்தைக் காட்டிலும், ஊர் எல்லையைத் தாண்டுவதே பெரிய தடையாக இருந்தது. நம்பகமான கூட்டு வாகன வசதி செய்து கொடுத்ததும் நிலைமை வெகுவாக மாறியது. விழிப்புணர்வுப் பிரச்சாரம் என்று செலவழித்திருந்தால் அந்தப் பணம் வீணாகியிருக்கும். தேவைப்பட்டது ஒரு வேன்.

இதை வைத்துக்கொண்டு பேராக்கைப் பாருங்கள். பாகான் டத்தோவிலிருந்து ஈப்போ நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வரவே மோட்டார்சைக்கிள் வேண்டும். சுங்கை சிப்புட் நகரத்திலிருந்து ஈப்போ கூப்பிடு தூரம்தான்; ஆனால் எல்பில், டொவன்பி தோட்டங்களிலிருந்து காலை எட்டு மணி வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைக்கு அது கூப்பிடு தூரமல்ல. விடுதி இருக்கிறதே என்பீர்கள். விடுதியில் சைவச் சாப்பாடு கிடைக்குமா, கூட நம் பிள்ளை ஒருத்தியாவது இருப்பாளா, தீபாவளிக்கு லீவு உண்டா என்று தாய் கேட்கிறாள். இவை சின்னக் கேள்விகள் என்று நினைக்க வேண்டாம். ஒரு பெண் மூன்றாவது வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவது இப்படிப்பட்ட காரணங்களால்தான். வருகைப் பதிவேட்டில் அவள் 'சொந்தக் காரணங்களால் விலகினார்' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறாள். அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை.

ஜெர்மனியை எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள். பட்டறையில் பெரும்பகுதி, வகுப்பறையில் சிறுபகுதி என்ற அவர்களுடைய இரட்டைப் பயிற்சி முறையைப் பார்த்துத்தான் நாமும் 2005இல் எஸ்.எல்.டி.என். திட்டத்தைத் தொடங்கினோம். முறையை எடுத்துக்கொண்டோம், சரி. அதோடு அவர்கள் வைத்திருக்கும் இன்னொன்றை விட்டுவிட்டோம். 1970இலிருந்து அவர்களுக்குத் தொழிற்கல்விக்கென்றே கூட்டாட்சி ஆய்வுக் கழகம் ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புள்ளிவிவரம் வருகிறது. அதில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட பயிற்சி ஒப்பந்தங்கள் நடுவிலேயே முறிகின்றன என்ற செய்தியும் இருக்கிறது, எந்தத் தொழிலில் அதிகம், எதில் குறைவு என்ற விவரமும் இருக்கிறது. உலகமே பாராட்டும் நாடு தன் இடைநிற்றலைக் கூச்சமில்லாமல் அச்சிட்டு வெளியிடுகிறது. சமையல் தொழிலில் ஏன் இத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்று கேட்டுத் திருத்த முடிவது அதனால்தான்.

நம் சமூகத்துக்கென்று ஒதுக்கப்படும் பணத்துக்கு வருகிறேன். இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் வழியாக ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் அளவில் ஒதுக்கீடு இருந்து வருகிறது. அதில் ஒரு பகுதி திறன் பயிற்சிக்குப் போகிறது. அந்தப் பணத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகச் செலவழிக்கப்பட்ட பணமும் பலன் தந்ததா என்று யார் கேட்கிறார்கள்?

கொலம்பியா நாட்டில் ஏழை இளைஞர்களுக்கு 'ஹோவெனெஸ் என் அக்சியோன்' என்ற திட்டம் நடந்தது. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் கம்பெனியில் நேரடிப் பழக்கம். 2005இல் இடங்களைவிட விண்ணப்பம் அதிகம். தகுதியுள்ளவர்களிடையே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். கிடைத்தவர், கிடைக்காதவர் இரு சாராரையும் பின்தொடர்ந்தார்கள். பயிற்சி கிடைத்த பெண்களின் வருமானம், கிடைக்காத பெண்களின் வருமானத்தைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது. குலுக்கல் என்றதும் நம்மில் சிலருக்கு மனம் ஒப்பாது, பிள்ளைகளை வைத்துச் சோதனையா என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். 40 இடத்துக்கு 100 பேர் தகுதியோடு நிற்கும்போது, சிபாரிசுக் கடிதம் நியாயமா, குலுக்கல் நியாயமா? குலுக்கலில் யாருக்கும் பழி இல்லை. மேலும், மூன்று ஆண்டு கழித்து அந்த வகுப்பு பணத்துக்குத் தகுந்ததா என்று அடித்துச் சொல்லவும் முடியும். தகாது என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு அந்தப் பணம் வேறு நல்ல வகுப்புக்குப் போகட்டும். நம் பிள்ளைகளுக்கான பணம் அது. பலனில்லாத வகுப்பில் ஒரு வெள்ளிகூடப் போகக்கூடாது என்று சொல்லும் உரிமை நமக்குத்தான் முதலில் உண்டு.

மூன்றாவது ஆண்டைப் பார்ப்பதற்குப் பெரிய செலவாகுமே என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. ஆகாது. திறன் மேம்பாட்டுத் துறையிடம் எஸ்.கே.எம். பெற்ற ஒவ்வொருவரின் அடையாள அட்டை எண்ணும் இருக்கிறது. சேமநிதி வாரியமான இ.பி.எஃப்.பிடமும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடமும் வேலை செய்யும் ஒவ்வொருவரின் சம்பள விவரமும் மாதாமாதம் ஏறுகிறது, அதே அடையாள அட்டை எண்ணின்கீழ். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, பெயரை நீக்கிவிட்டு, எந்த நிலையம், எந்தத் தொழில், எந்த மாவட்டம், மூன்றாம் ஆண்டில் நடுநிலைச் சம்பளம் என்ன என்று ஒரு பட்டியல் வெளியிடலாம். குறைந்தபட்சச் சம்பளம் இன்று 1,700 ரிங்கிட். மூன்றாண்டு கழித்தும் அதைச் சுற்றியே நிற்கும் சான்றிதழ் எது, அதைத் தாண்டி ஏறிய சான்றிதழ் எது என்று பார்த்தால் போதும், பெற்றோர் தாங்களே முடிவெடுத்துவிடுவார்கள்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு, மறைக்கக்கூடாது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவனின் சம்பளம் இ.பி.எஃப். கணக்கில் வராது, நம் பேராக்குப் பையன்களில் நல்ல வெல்டர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். சொந்தமாக ஏர்கோன் பழுது பார்ப்பவன், வீட்டிலிருந்தே தைப்பவள், இவர்களும் விடுபட்டுப் போவார்கள். ஆகவே ஒரு சிறு பங்கினருக்காவது தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது இன்னொன்று. அடையாள அட்டையே இல்லாத நம் பிள்ளைகள். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பதிவு இல்லாமல், பெற்றோரின் திருமணப் பதிவு இல்லாமல் போனவர்கள். 2011இல் மைடஃப்தார் இயக்கம் நடத்தித் தேடிப் பதிந்தார்கள். பலருக்குத் தீர்வு கிடைத்தது, எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அட்டை இல்லாதவன் அரசாங்கப் பயிற்சியில் சேர முடியாது. ஆகவே எந்தப் பட்டியலிலும் வரமாட்டான். அட்டை எண்ணை வைத்துச் செய்யும் எந்தக் கணக்கும் அவனைப் பார்க்காது என்பதை அந்தக் கணக்கின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

சம்பளம் மட்டும் போதுமா? தரத்தையும் பார்க்க வேண்டும். இதற்கு வெல்டிங்கையே எடுத்துக்கொள்கிறேன். கப்பல் தளத்துக்கோ எண்ணெய்க் குழாய் வேலைக்கோ போகும் வெல்டரின் சான்றிதழை மட்டும் பார்த்து வேலைக்கு எடுப்பதில்லை. கையில் இரண்டு துண்டு குழாய் கொடுப்பார்கள். 6ஜி என்பது 45 பாகையில் சாய்த்து, அசையாமல் பொருத்திய குழாய். பையன் குனிந்தும் நிமிர்ந்தும் மல்லாந்தும் சுற்றி வந்து ஒட்ட வேண்டும், குழாயைத் திருப்பக்கூடாது. ஒட்டிய இடத்தைப் பட்டை பட்டையாக அறுத்து, இயந்திரத்தில் வைத்து வளைப்பார்கள். அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள். வேர்ப் பகுதியில் சரியாக உருகிச் சேராமல் இருந்தால் வளையும்போது பிளந்துகொள்ளும். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை. இப்படிப்பட்ட சோதனைகள் தொழிற்சாலைகளிலும் குத்தகையாளர்களிடமும் தொடர்ந்து நடக்கின்றன. எந்த நிலையத்தில் படித்தவர் முதல் முறையிலேயே தேறுகிறார், எந்த நிலையத்துப் பிள்ளைகள் வேர்ப் பகுதியில் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள் என்ற செய்தி முதலாளியிடம் இருக்கிறது. அது பயிற்சி நிலையத்துக்குத் திரும்பி வருவதில்லை. ஆசிரியர் தான் எங்கே கோட்டை விடுகிறோம் என்று தெரியாமலே அடுத்த வகுப்பையும் நடத்துகிறார். இந்தச் செய்தியை மாதம் ஒருமுறை திருப்பிக் கொடுக்க ஒரு படிவம் போதும். மனிதவள மேம்பாட்டு வரியாகச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு கட்டும் கம்பெனிகளிடம் இதைக் கேட்பதில் தவறேயில்லை.

பள்ளிப் பக்கம் கொஞ்சம் வருகிறேன். நம் பிள்ளை வழுக்கும் இடம் பயிற்சி நிலையத்துக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது, புதுமுக வகுப்பில், இரண்டாம் படிவத்தில். முன்பு யு.பி.எஸ்.ஆர்., பி.டி.3 என்ற இரண்டு தேர்வுகள் இருந்தன. 2021இல் ஒன்றும் 2022இல் மற்றதும் நிறுத்தப்பட்டன. பிள்ளைகளுக்கு அழுத்தம் குறைந்தது நல்லதே. ஆனால் நாடு முழுவதும் ஒரே அளவுகோலில் யார் பின்தங்குகிறார் என்று பார்க்க இருந்த இரண்டு சாளரங்களும் அதோடு அடைபட்டன. பதினேழு வயதில் எஸ்.பி.எம். வரும்போதுதான் தெரிகிறது. அதற்கும் பதிந்துவிட்டு எழுத வராதவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு எஸ்.கே.எம். முதல் நிலை திறந்திருக்கிறது என்று அந்த வாரமே யாராவது வீட்டுக்குப் போய்ச் சொன்னால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம்! தேர்வு மண்டபத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியின் எண் தேர்வு வாரியத்திடம் இருக்கிறது. வீடு தேடிப் போக வேண்டியவரிடம் இல்லை.

தேசிய திவெட் மன்றத்துக்குத் துணைப் பிரதமர் அமாட் சாஹிட் ஹமிடி தலைவர். அவர் பாகான் டத்தோவின் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. நம் தோட்டங்களை அறியாத தொகுதியல்ல அது. பத்துக்கும் மேற்பட்ட அமைச்சுகளின்கீழ் சிதறிக் கிடக்கும் பயிற்சி நிலையங்களை ஒரே குடையின்கீழ் கொண்டுவர அமைந்த மன்றம் அது. ஒவ்வொரு நிலையமும் மூன்றாம் ஆண்டுச் சம்பளத்தையும் இடைநிற்றலையும் வெளியிட வேண்டும் என்று அந்த மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் வேலை நடக்கும். நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் கேட்க வேண்டியது இதைத்தான். இன்னும் நூறு இடம் கொடுங்கள் என்று கேட்பதற்கு முன், போன நூறு இடத்துக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் காத்திருக்கவும் வேண்டாம். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளில் ஆறாம் ஆண்டில் முப்பது பிள்ளைகூட இருப்பதில்லை. சிலவற்றில் பத்துக்கும் குறைவு. முப்பது பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு பள்ளிக்கு ஆராய்ச்சிக் கழகம் வேண்டாம். ஒரு குறிப்பேடும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இரண்டு பேரும், ஆண்டுக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசப் பொறுமையும் போதும். சிறிய பள்ளி என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோமே, இந்த வேலைக்குச் சிறிய பள்ளிதான் வசதி.

இங்கே அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர்களிடமும் சங்கப் பொறுப்பாளர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள். பெற்றோரின் சம்மதம் வாங்கி, பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் கூப்பிட்டு, பள்ளியில் இருக்கிறாயா, எந்த வகுப்பு, நின்றுவிட்டாயானால் எதனால் என்று கேளுங்கள். சொன்ன காரணத்தைச் சொன்னபடியே எழுதுங்கள். பதினெட்டு வயதில் என்ன படிக்கிறான், இருபத்தோரு வயதில் அவள் என்ன சம்பளம் வாங்குகிறாள் என்பதுவரை அந்தக் குறிப்பேடு போகட்டும். தலைமையாசிரியர் மாறினால் சாவியோடு சேர்த்து அதையும் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். பிள்ளைகளின் பெயரை வெளியில் யாருக்கும் கொடுக்க வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் மாவட்ட வாரியாகச் சேர்ப்போம். விருப்பமுள்ள பள்ளிகள் இன்று போவதற்கு முன் வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.